சுவர் மெலியாமலே எஃகுக் குழாயின் உள்ளே விரிசல் தோன்றுவது ஏன்?

கேள்வி:
ஹைட்ரஜன் சல்பைடு கலந்த ஈரமான எரிவாயுவைக் கொண்டுசெல்லும் குழாயொன்றை மீயொலியால் சோதித்தபோது, தடிமன் சற்றும் குறையாத இடத்தில், சுவரின் நடுவே படிக்கட்டுப் போன்ற விரிசல்கள் தெரிந்தன. கடினத்தன்மையோ 22 எச்ஆர்சி (ராக்வெல் சி எனும் கடினத்தன்மை அளவுகோல்) வரம்புக்குள்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் இது எப்படி நேர்ந்தது?

பதில் 1:
அரிப்பில் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் வழக்கமாக மேற்பரப்பிலேயே இணைந்து வாயுவாக வெளியேறிவிடும். சல்பைடு அந்த இணைப்பைத் தடுப்பதால் அவை எஃகுக்குள் ஊடுருவி, தகட்டை உருட்டும்போது தட்டையாக நீண்டுபோன மாங்கனீசு சல்பைடு கசடுகளின் (எஃகினுள் சிக்கிய அயல் துகள்கள்) ஓரத்தில் தங்கி மூலக்கூறுகளாகின்றன. மூலக்கூறுகளால் எஃகினூடே திரும்பிச் செல்ல இயலாது; அழுத்தம் ஏற ஏற அடுக்குகள் பிளந்து, ஒன்றோடொன்று படிப்படியாக இணைகின்றன. இதற்கு வெளியிலிருந்து இழுவிசையே தேவையில்லை.

பதில் 2:
நீங்கள் குறிப்பிடும் 22 எச்ஆர்சி வரம்பு, இழுவிசையால் நேரும் சல்பைடு தகைவு விரிசலைத் தடுப்பதற்கானது. மென்மையான எஃகும் படிக்கட்டு விரிசலுக்கு ஆளாகும். கந்தகம் மிகக் குறைந்ததும், கால்சியம் சேர்த்துக் கசடுகளை உருண்டையாக்கியதுமான எஃகையே இங்கே பயன்படுத்த வேண்டும். அமிலக் கரைசலில் 96 மணி நேரம் மூழ்கவைக்கும் சோதனையின் முடிவு ஆலைச் சான்றிதழில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சான்றிதழில் கடினத்தன்மை மட்டுமே உள்ளது. வெட்டியெடுத்த துண்டை அந்தச் சோதனைக்கு அனுப்புகிறேன்.