உப்புவெளி வீட்டார் குழு: அம்மாவுக்குக் கரண்ட் வைக்கிறதோ?

சுகந்தி: எல்லாரும் வாசியுங்கோ. அம்மான்ர மனச்சோர்வுக்குத் தலையில கரண்ட் வைச்சுப் பாப்பம் (ECT எண்டுற வைத்தியம்) எண்டு டொக்டர் சொல்லுறார். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லோணும்.

சின்ன மாமா: கரண்டோ! படத்தில காட்டுற மாதிரி கட்டி வைச்சோ? வேண்டாம் பிள்ளை, அக்கா தாங்கமாட்டா.

தர்சி: மாமா, இப்ப மயக்கித்தான் செய்யிறது. தசை தளர ஊசியும் போடுவினம். கரண்டால வாற வலிப்பு மூளைக்குள்ள ஒரு நிமிசமளவில வந்து போகும், உடம்பு பெரிசாத் துள்ளாது. 1938இல ரோமில தொடங்கேக்க மயக்கமில்லை. உங்கட பயம் அந்தக் காலத்துப் பயம்.

சின்ன மாமா: உயிருக்கு?

தர்சி: லட்சம் தடவைக்கு 2 பேர் அளவில. ஈசிஜி, பிரஷர் எல்லாம் பாத்துத்தான் தொடுவினம். எனக்குப் பயம் மறதிதான். கரண்ட் வைக்கிற கிழமையளும் அதுக்கு முந்தின சில மாதங்களும் துண்டுதுண்டா அழியலாம். கனக்கத் திரும்பி வரும், சிலது வராது. தலையில ஒரு பக்கம் மட்டும் வைச்சா மறதி குறைவு. அதைக் கேளுங்கோ அக்கா.

குகன்: முதுகு நோவும் போகுமோ? அம்மா அதுக்குத்தானே அழுறவ.

தர்சி: நோவுக்கெண்டு நம்பி வைக்காதேங்கோ அண்ணா. மனச்சோர்வு இறங்க நோவும் குறைஞ்ச ஆக்கள் இருக்கினம். நோவுக்கு மட்டும் வைக்க ஆதாரம் காணாது.

சுகந்தி: நோவு பிறகு பாப்பம். பதினொரு நாளா நாலு கரண்டி கஞ்சிதான் இறங்குது. நேத்து காளி கோயில் திருநீறு பூசினன், கண் திறக்கேல்ல. மூண்டாவது குளிசையும் மாத்தியாச்சு, அது பிடிக்க இன்னும் கிழமைக் கணக்காம்.

குகன்: அப்ப வைப்பம். எத்தினை தரம்?

தர்சி: கிழமைக்கு 2 அல்லது 3, மொத்தம் 6 முதல் 12 வரை. முடிஞ்சாப்பிறகும் குளிசையை விடக்கூடாது, விட்டா சோர்வு திரும்ப வரக்கூடும். பெரியம்மாட்டயும் கேட்டனிங்களோ? அவவின்ர தலை.

சுகந்தி: கேட்டன். தலையாட்டினவ. "மறக்கக்கூடாதது என்னம்மா?" எண்டு கேட்டன். கன நேரத்துக்குப் பிறகு "அடகுத் துண்டு" எண்டா. அரிசி வாளிக்கு அடியில கிடந்தது!

தர்சி: எல்லாத்தையும் கொப்பியில எழுதி வையுங்கோ. அண்டைக்கு விடிய தேத்தண்ணி குடுக்கக்கூடாது, கட்டுப்பல்லும் கழட்டோணும்.

சுகந்தி: எழுதிட்டன். சீட்டுக்காசு, பால்காரன் கணக்கு, சின்ன மாமா வாங்கின காசு.

சின்ன மாமா: எவ்வளவு எண்டு சொன்னவ?