ஊசி முனையில் ஒரு சிப்பி

கீழக்கரைக்காரன்:

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் ஆண்டு. பெருநாளுக்கு ஊருக்கு வந்தபோது, வலையில் சிக்கிக் கரையில் கொட்டிக் கிடந்த முத்துச்சிப்பிகளில் நான்கைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். உட்புறப் பளபளப்பின் விறைப்பை, நுண்ணிய ஊசியால் பொருளைத் தொட்டு அழுத்திப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கியில் அளப்பது திட்டம். அந்தப் பளபளப்பு அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம். அரை மைக்ரான் தடிமனுள்ள சில்லுகள், நடுவே 20, 30 நானோமீட்டருக்குப் புரதப் பசை. கொத்தனார் கட்டிய செங்கல் சுவர் தோற்றுவிடும். எங்கள் வீட்டில் சங்கை நகத்தால் தட்டியே தரம் சொல்லிவிடுவார்கள். "இதற்கு இவ்வளவு விலையில் ஒரு கருவியா?" என்றுதான் கேட்டார்கள்.

இரண்டு வாரம் அளந்தேன். சிப்பியை ஊசி அழுத்தும்போது விசைக் கோடு ஒரு சாய்வில் ஏறியது. சரிபார்க்கக் கண்ணாடியை வைத்தேன்; அதே சாய்வு. கண்ணாடியைவிட ஐந்து மடங்குக்கும் மேல் விறைப்பான சபையர் என்னும் மணிக்கல்லை வைத்தேன். அப்போதும் அதே சாய்வு! ஊசியில் அழுக்கு என்றார் வழிகாட்டி. நான்கு ஊசிகளை மாற்றினேன். ஒவ்வொன்றும் என் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு.

தூண்டில் தொழில் செய்யும் மாமாவிடம் தொலைபேசியில் புலம்பினேன். கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். பூனை முடியைவிட நுண்ணிய சிலிக்கான் பட்டை, அதன் நுனியில் ஊசி, முனையின் ஆரம் சுமார் 10 நானோமீட்டர், பட்டை வளைவதை அதன் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் காட்டும் என்றேன். "கயிற்றில் ஈயம் கட்டி விட்டுக் கடலடி பார்ப்பதுதானே இது. பாறை என்றால் தட்டும். சேறு என்றால் அமுங்கும், தூக்கும்போது பிடித்து இழுக்கும்" என்றார். உண்மையில் அந்த இழுப்பும் எங்கள் கோட்டில் உண்டு. காற்றின் ஈரம் ஊசியைப் பற்றிக்கொள்வதால் திரும்பும் வழியில் ஒரு பள்ளம் விழும். அடுத்து அவர் கேட்டதுதான் கேள்வி: "உன் ஈயம் எத்தனை எடை?"

என் பட்டையின் சுருள்மாறிலி, அதாவது அதை வளைக்கத் தேவையான விசை, மீட்டருக்கு 0.2 நியூட்டன். அந்த மெல்லிய பட்டை அழுத்தினால் சிப்பியும் குழியாது, சபையரும் குழியாது, பட்டைதான் வளையும். இரண்டு வாரமாக நான் பட்டையை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். பிறகு சில நூறு நியூட்டன் விறைப்புள்ள எஃகுப் பட்டையும் வைர முனையும் வாங்கி, விறைப்பு 72 கிகா பாஸ்கல் என்று தெரிந்த உருக்கிய குவார்ட்ஸில் முதலில் சரிபார்த்த பிறகே சபையர் மற்றவற்றிலிருந்து பிரிந்து நின்றது. சிப்பி 70ஐ ஒட்டி நின்றது.

மண்டபத்துப் பெண்:

காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அழைப்பது இப்படி), எனக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். என் அம்மா பாசி எடுப்பவர். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வடிக்கும் அகர் கூழ்தான் என் ஆய்வுப் பொருள். படம் எடுக்க வைத்திருந்த 40 நியூட்டன் பட்டையையே அதற்கும் மாட்டினேன். ஊசி கூழுக்குள் புதைந்ததே பட்டைக்குத் தெரியவில்லை. கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. கூழின் விறைப்பு சில பத்து கிலோ பாஸ்கல். உங்கள் சிப்பியோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் மடங்கு மெத்து.

கடைசியில் 0.06 நியூட்டன் பட்டையின் நுனியில் 5 மைக்ரான் கண்ணாடிக் குண்டை ஒட்டி, நீருக்குள்ளேயே அளந்தேன். பாறையில் பறிக்கும்போது அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்; குண்டைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. குண்டு என்றால், உருண்டை ஒரு பொருளை அழுத்தும்போது எவ்வளவு குழியும் என்று 1882இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் எழுதிய சமன்பாடு அப்படியே பொருந்தும். ஆனால் குண்டு கூழை எந்தப் புள்ளியில் தொட்டது? அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. தொடும் புள்ளியைச் சற்றுத் தள்ளிக் குறித்தாலே விடை மாறிவிடுகிறது. ஒரே கோட்டுக்கு நானும் என் தோழியும் வெவ்வேறு எண் சொல்லி ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறோம்.

தேவிபட்டினம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, சிப்பி வாழ்வது தண்ணீரில். காய்ந்த ஓட்டை அளந்து என்ன தெரியப் போகிறது?

கீழக்கரைக்காரன்:

ஐயா, வாய்மொழித் தேர்விலும் இதையேதான் கேட்டு என்னைத் திணறடித்தார்கள். ஊறிய சிப்பி 60க்கு இறங்குகிறது. ஈரத்தில் பசை இளகி, சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று வழுக்குகின்றன. விரிசல் நேராக ஓட முடியாமல் வளைந்து வளைந்து களைத்துவிடுகிறது. ஈர ஓடு எளிதில் உடையாததற்கு அது ஒரு காரணம். முதலில் ஊர்க் கடல்நீரைப் பாட்டிலில் கொண்டுவந்து ஊறவைத்தேன். அது காய்ந்து, உப்பு மணிகளைச் சில்லுகள் என்று நம்பி ஒரு மாலை முழுக்கப் படம் எடுத்தேன். அந்தப் படங்களை வழிகாட்டியிடம் காட்டவே இல்லை. இப்போது ஊசிக்கும் சிப்பிக்கும் நடுவே ஒரு துளி நீர் நிறுத்தி, அது வற்றுவதற்குள் அளந்து முடித்துவிடுகிறேன்.