மறு: போரான் ‘சர்க்கரைக் கடத்தி’யா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> செடிகளில் போரான் என்ற சத்து செய்யும் பணிக்குச் ‘சர்க்கரைக் கடத்தி’ என்று வைத்துவிடலாமே. சுருக்கம், பொருளும் விளங்கும்.

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். போரேட்டும் (போரான் சேர்மம்) சர்க்கரையும் அணைவாக, அதாவது ஒரே கூட்டு மூலக்கூறாக, சேர்ந்தால் செல் சவ்வை எளிதில் கடக்கும் என்று 1953இல் காச், டகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த கருத்து அது. பெரும்பாலான செடிகள் உரியத்தின் (இலையில் உருவான உணவைக் கொண்டுசெல்லும் திசு) வழியே அனுப்புவது சுக்ரோசை. அதுவோ போரேட்டோடு உறுதியாக ஒட்டுவதில்லை. போரான் குறைந்த செடியின் இலையில் சர்க்கரை தேங்குவது உண்மைதான். குருத்தும் வேர்நுனியும் வளராமல் நின்றுவிட்டால் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லையே! செல்சுவரில் பெக்டின் என்ற பசைப்பொருளின் இழைகளைப் பிணைப்பதுதான் போரானின் ஐயமற்ற வேலை. 1996இல் அது தெளிவாயிற்று.

சர்க்கரை ஆல்ககால்களின் கதை வேறு. சார்பிட்டாலும் மானிட்டாலும் போரேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். இரண்டு சார்பிட்டாலுக்கு நடுவே ஒரு போரான் அமர்ந்த அணைவைப் பீச் மரத்தில் பூவுக்கு வெளியே சுரக்கும் தேனிலிருந்தும், மானிட்டால் அணைவைச் செலரியின் உரியச் சாற்றிலிருந்தும் 1997இல் பிரித்துக் காட்டினார்கள். ஆக, இச்செடிகளில் சர்க்கரை ஆல்ககால்தான் போரானைச் சுமந்து போகிறது. நாம் சுமையைப் பார்த்து வண்டி என்கிறோம்.

பப்பாளிக்கு அந்த வசதி இல்லை. முதிர்ந்த இலையில் போய்ச் சேர்ந்த போரான் இளங்காய்க்குத் திரும்பி வராது. கனமழை மண்ணிலிருந்து போரானைக் கரைத்துக்கொண்டு போகும் நம் சிங்கப்பூரில், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் காய் புடைத்துக் கரடுமுரடாகிப் பால் வடிந்தால் போரான் பற்றாக்குறையையும் ஐயப்பட வேண்டும். செம்பனையில் (எண்ணெய்ப் பனை) இளவோலை கொக்கிபோல் வளைவதும் இதே பற்றாக்குறைதான்.

எனவே நமக்குச் சொல் வேண்டியது, ஓரிடம் சேர்ந்த சத்து மறுபடி கிளம்பி வேறிடம் போவதற்கு. என் முன்மொழிவு ‘மீள்பெயர்வு’. மீள்பெயரும் ஊட்டம், மீள்பெயரா ஊட்டம் என்று பிரித்துக்கொள்ளலாம். ‘மறுகடத்தல்’ வேண்டாம், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிச் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்குக் கடத்தல் என்றால் சிகரெட்தான்.

———

மறுமொழி:

‘கடத்தி’ போகட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மீள்பெயரா ஊட்டம்’ என்று தோட்டத்துப் பலகையில் எழுதினால், எங்கள் புளோக் பெரியவர்கள் பெயரில்லாத ஏதோ உரம் என்று நினைப்பார்கள். ‘மீள்நகர்வு’ போதாதா, ஐயா? நகரும் சத்து, நகராத சத்து என்று பேச்சிலும் இயல்பாக வரும்.

ஒன்று உறுத்துகிறது. வெறுமனே ‘நகராத சத்து’ என்றால் அது வேரிலிருந்தே ஏறாது என்றாகிவிடும். போரான் நீரோடு காழ் (வேரிலிருந்து நீரை ஏற்றும் திசு) வழியே மேலே ஏறத்தான் செய்கிறது. இறங்கி வருவதுதான் இல்லை. அதனால் ‘மீள்’ கட்டாயம் இருக்கட்டும்: ‘மீள்நகராச் சத்து’.

பிறகு, உரியம், காழ் என்பவை இலங்கைப் பாடநூல் வழக்கு. தமிழ்நாட்டில் படித்து இங்கு வந்தவர்களுக்குப் புளோயம், சைலம்தான் தெரியும். பலகையில் எதை எழுதுவது?