புதுப்பிப்பு: எங்கள் தெரு அக்காவுக்கு வழி பிறந்தது

கணவர் அடித்து வெளியே தள்ளிவிட்டார், வக்கீல் வைக்கக் காசில்லை, அக்கா எங்கே போவது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தோம். மாவட்டத்தில் உள்ள ஒன் ஸ்டாப் சென்டருக்கு (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு உதவி மையம்) அனுப்பினார்கள். தற்காலிகமாகத் தங்க இடம் அங்கேயே கிடைத்தது. அப்புறம் குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் அரசு அதிகாரியான பாதுகாப்பு அலுவலர் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். அந்தப் படிவத்தில் அடி உதைக்கு மட்டுமல்ல, சம்பளத்தைப் பிடுங்குவதற்கும் கேட்காமல் நகையை அடகு வைப்பதற்கும்கூடத் தனித்தனி இடம் இருக்கிறது. "இதெல்லாம்கூட எழுதலாமா?" என்று அக்கா கேட்டார். எழுதத்தான் வேண்டும்!

வக்கீல் கட்டணமும் இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அழைக்க வேண்டிய எண் 15100. நிறையப் பேருக்கு இது தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே என்று சிலர் கேட்டீர்கள். அக்கா குடித்தனம் நடத்திய வீடு அது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம். மாமனார், மாமியார் வீடென்றாலும் கோரலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மனு போட்டாயிற்று.

இப்படி உதவி கேட்டுப் போகிறவர்கள், அடிபட்டு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.