ஈசிஜியில் துடிப்பு விடுபடும்போது வென்க்கபாக், மோபிட்ஸ் இரண்டு: எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி (செவிலியர் மாணவி, திருமங்கலம்)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் செவிலியர் பட்டயப் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். தற்போது இதய நோய்ப் பிரிவில் பயிற்சி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகளின் ஒழுங்கற்ற நடுக்கம்), வி.டி. (கீழறையில் தோன்றும் வேகத் துடிப்பு), வி.எஃப். (கீழறைகளின் ஒழுங்கற்ற நடுக்கம்) ஆகியவற்றைத் தாளில் பார்த்தவுடன் ஓரளவு சொல்லிவிடுகிறேன். ஆனால் நடுவில் ஒரு துடிப்பு விடுபட்டிருந்தால், அது வென்க்கபாக்கா, மோபிட்ஸ் இரண்டா (மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டல் சில நேரம் மட்டும் நின்றுபோகும் இரண்டாம் நிலைத் தடையின் இரு வகைகள்) என்று பாடப்புத்தகப் படத்தை நினைத்துக்கொண்டு ஊகிக்கிறேனே தவிர, அளந்து சொல்லத் தெரியவில்லை. வார்டில் கிடைக்கும் தாளோ அந்தப் படம் போலத் தெளிவாக இருப்பதில்லை. மூத்தவர்கள் எந்த வரிசையில் பார்க்கிறீர்கள்?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஐ.சி.யூ. செவிலியர், மதுரை)

தங்கைக்கு வணக்கம். பெயர் சூட்டும் அவசரத்தை விட்டுவிட்டு, முதலில் மேலறைகளின் மின்தூண்டலைக் காட்டும் சிறிய பி அலைகளைத் தேடுங்கள். காம்பஸ் போன்ற காலிப்பர் இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தை ஈசிஜி கோட்டுக்குக் கீழே வைத்து, அடுத்தடுத்த இரண்டு பி அலைகளின் தொடக்கத்தில் பென்சிலால் இரண்டு கோடு போடுங்கள். பிறகு அந்தத் தாளை வலப்புறமாக நகர்த்திக்கொண்டே போனால், அடுத்த பி எங்கே வர வேண்டும் என்பதை அந்தக் கோடே காட்டிவிடும். கியூஆர்எஸ் (கீழறைகளின் மின்தூண்டலைக் காட்டும் கூர்மையான அலை) இல்லாத இடத்திலும் பி அலை தன் நேரத்துக்கு வந்திருந்தால்தான் அது இரண்டாம் நிலைத் தடை. அந்த பி முன்கூட்டியே வந்து முந்தைய டி அலையின் (கியூஆர்எஸ்ஸுக்குப் பின் வரும் மேடு) மேல் ஏறி உட்கார்ந்திருந்தால், அது கடத்தப்படாத ஏட்ரியல் முன்துடிப்பு (மேலறையில் முன்கூட்டியே தோன்றி, கீழறைக்குச் சென்று சேராத துடிப்பு), தடை அல்ல. துடிப்பு விடுபடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம் என்பதால், அந்த ஒரு டி அலை மட்டும் மற்றவற்றைவிடக் கூர்மையாகவோ, மேடாகவோ இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள்.

அதன் பின்னரே பிஆர் இடைவெளி, அதாவது பி தொடங்கும் இடத்திலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் இடம் வரை. ஒரு சிறிய கட்டம் 0.04 வினாடி, ஐந்து சிறிய கட்டங்கள் கொண்ட பெரிய கட்டம் 0.20 வினாடி, இயல்பான பிஆர் மூன்று முதல் ஐந்து சிறிய கட்டங்களுக்குள் இருக்கும். எல்லா துடிப்புகளையும் அளந்து நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. விடுபட்ட துடிப்புக்குச் சற்று முன்புள்ள பிஆரையும் சற்றுப் பின்புள்ள பிஆரையும் ஒப்பிட்டாலே போதும். முன்னது நீண்டும் பின்னது குறுகியும் இருந்தால் வென்க்கபாக். இரண்டும் சமமாக இருந்தால் மோபிட்ஸ் இரண்டு. மோபிட்ஸ் இரண்டு எந்த நேரத்திலும் முழுத் தடையாக மாறக்கூடும் என்பதால், நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் டியூட்டி டாக்டரிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.

பதில் 2 (ஈசிஜி டெக்னீஷியன், மேலூர்)

அக்கா சொன்ன அளவுகள் எல்லாம் தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால் மட்டுமே பொருந்தும். தாளின் ஓரத்தில் வேகம் அச்சாகியிருக்கும். அதை முதலில் படியுங்கள். 50 என்று இருந்தால் உங்கள் கணக்கு எல்லாம் இரட்டிப்பாகிவிடும். கோடு தடித்துப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் மின்சார இடையூறு என்று கொள்ளுங்கள். எலக்ட்ரோடைச் சரியாக ஒட்டி, வேறொரு தாள் எடுப்பதே வழி. இன்னொன்று, இந்தத் தாள் வெப்பத்தால் அச்சாகும் தாள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் கருத்துவிடும் என்பதால், படித்துப் பழக வைத்திருப்பவற்றை உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நேற்று மாலை வார்டில் ஒரு தாளை இந்த முறையில் அளந்தேன். பி அலைகள் நான்கு பெரிய கட்டங்களுக்கு ஒன்றாகச் சீராக வந்தன. பிஆர் முதலில் ஐந்து சிறிய கட்டம், அடுத்து எட்டு, அடுத்து ஒன்பது. நான்காவது பி அலைக்குப் பின் கியூஆர்எஸ் இல்லை. அடுத்த துடிப்பில் பிஆர் மறுபடி ஐந்து. வென்க்கபாக் என்று எழுதலாமா? ஒன்றுவிட்டு ஒன்று விடுபட்டால் என்ன செய்வது?

பதில் 3 (மருத்துவர், தேனி)

தாராளமாக எழுதலாம். உங்கள் எண்களையே வைத்துச் சரிபாருங்கள்: ஆர்–ஆர் இடைவெளி (அடுத்தடுத்த இரு கியூஆர்எஸ்களுக்கு இடையே உள்ள தூரம்) முதலில் 23 சிறிய கட்டங்கள், அடுத்து 21, இடைநிறுத்தமோ 36. பிஆர் நீண்டுகொண்டே போனாலும் ஒவ்வொரு முறையும் கூடும் அளவு குறைவதால் ஆர்–ஆர் சுருங்குகிறது. இடைநிறுத்தமும் கடைசி ஆர்–ஆரின் இரண்டு மடங்கை எட்டவில்லை. மோபிட்ஸ் இரண்டாக இருந்திருந்தால் அது சரியாக இரண்டு மடங்காக, அதாவது 40 கட்டங்களாக இருந்திருக்கும்.

ஒன்றுவிட்டு ஒன்று விடுபடும் 2:1 தடையில், ஒப்பிடுவதற்கு அடுத்தடுத்து கடத்தப்பட்ட இரண்டு துடிப்புகள் கிடைப்பதில்லை. அந்தத் தாளை மட்டும் வைத்து எந்த வகை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கியூஆர்எஸ் குறுகலாக இருந்தால் ஏவி முடிச்சிலும் (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டலைக் கடத்தும் இடம்), மூன்று சிறிய கட்டங்களோ அதற்கு மேலோ அகன்றிருந்தால் அதற்குக் கீழேயும் தடை இருக்க வாய்ப்பு அதிகம் என்பது ஒரு குறிப்பு மட்டுமே. ஈசிஜியின் லீட் இரண்டு என்ற பதிவை நீளமாக ஓடவிட்டு, எங்காவது 3:2 ஆக (மூன்று பி அலைகளுக்கு இரண்டு கியூஆர்எஸ்) மாறும் இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கும் வரை “2:1 ஏவி தடை” என்று மட்டும் எழுதி, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.