சிவப்பு பஸ் மோதிச் செத்தால் சொர்க்கமா? ஸ்மித்ஸ் ரசிகர்கள் பதில் சொல்லவும்

தகரக்கொட்டகை | இரவு 8.40
பக்கத்து இழையில் மழைக்கோட்டு என்பவர் தீர்ப்பு எழுதிவிட்டார்: எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுக்குழு ஸ்மித்ஸைக் கேட்டு உருகாதவர்களுக்கு இசையே தெரியாதாம். படித்ததும் வந்த எரிச்சலில்தான் இந்த இழையைத் திறக்கிறேன். சரி, உருகித்தான் பார்ப்போமே என்று 1986இல் வந்த 'த குவீன் இஸ் டெட்' ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன். அதில் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுவது 'தேர் இஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்' என்ற பாட்டை. ஒருத்தன் ராத்திரியில் யாரோ ஓட்டும் காரில் போகிறான். வீட்டில் மட்டும் இறக்கிவிடாதே என்கிறான். சிவப்பு டபுள் டெக்கர் பஸ் வந்து மோதி உன் பக்கத்திலேயே சாவது என்ன ஒரு பாக்கியம் என்கிறான். பஸ் போதவில்லை, அடுத்து பத்து டன் லாரியையும் கூப்பிடுகிறான். கை கால் நன்றாக இருக்கிற வயசுப் பையனுக்கு இப்படி என்ன வந்தது? இது பாட்டா, ஒப்பாரியா?

ஈரச்செங்கல் | 8.52
பாட்டில் சிவப்பு எங்கே வருகிறது? டபுள் டெக்கர் என்று மட்டும்தான் வருகிறது. ஸ்மித்ஸ் மான்செஸ்டர் குழு. அந்தக் காலத்தில் அந்த ஊர் பஸ்ஸுக்கு ஆரஞ்சும் வெள்ளையும்தான் நிறம். சிவப்பு லண்டனுக்கு. ஊரே தெரியாமல் பாட்டை எடைபோட வந்துவிட்டீர்கள்.

தகரக்கொட்டகை | 8.55
நான் சாவைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் பெயின்ட் கடை நடத்துகிறீர்கள்.

மழைக்கோட்டு | 8.58
முதலில் நான் எழுதாததை எழுதியதாகச் சொல்ல வேண்டாம். "உருகாதவர்கள் காதால் மட்டும் கேட்கிறார்கள்" என்றுதான் எழுதினேன். "இசையே தெரியாது" என்பது உங்கள் சரக்கு. திருத்தவும்.

தகரக்கொட்டகை | 9.01
இரண்டும் ஒன்றுதானே அம்மணி.

மழைக்கோட்டு | 9.02
ஒன்றில்லை. அம்மணியும் வேண்டாம்.

ஈரச்செங்கல் | 9.20
பெயின்ட் கடை என்று நக்கலடித்தவருக்கு விளக்கம் தருகிறேன். சிவப்பு பஸ் என்றால் அது சுற்றுலா அட்டையில் இருக்கிற பஸ். ஆரஞ்சு பஸ் என்றால் வேலையில்லாதவன் மழையில் நின்று காத்திருக்கிற பஸ். 1984இல் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். அந்த வருடம் ஸ்மித்ஸ் ஒரு பாட்டு போட்டார்கள். வேலை தேடினேன், வேலையும் கிடைத்தது, ஆனால் சத்தியமாக இப்போதும் துக்கமாகத்தான் இருக்கிறேன் என்று குழுவின் பாடகர் மோரிஸ்ஸி பாடுவார். பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 10ஆம் இடம். இது ஒப்பாரி என்றால் வாங்கின அத்தனை பேரும் எழவு வீட்டுக்காரர்களா? அது சிரிப்பு ஐயா. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அடிக்கிற ஜோக். பஸ் விஷயமும் அதேதான். செத்தால் சொர்க்கம் என்று சொல்கிறவன் அதே பாட்டில், இருட்டுச் சுரங்கப்பாதையில் மனசில் உள்ளதைக் கேட்டுவிட வாய்ப்பு வந்தும் பயந்து வாயைத் திறக்காமல் விடுகிறான். பஸ் மோதினால் சாகத் தயார், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தைரியமில்லை. இதில் சிரிக்கத் தெரியாதவர்கள்தான் ஒப்பாரி என்பார்கள்.

இன்னொன்று. அந்தப் பாட்டில் வயலின் மாதிரி வருவது கீபோர்டு. ஆல்பத்தில் அதை வாசித்ததாக 'ஹேட்டட் சால்ஃபோர்ட் ஆன்சாம்பிள்' என்று இல்லாத ஒரு குழுவின் பெயரைப் போட்டிருப்பார்கள். அழுமூஞ்சிகள் இப்படிச் செய்வார்களா?

அப்புறம், பஸ் ஆரஞ்சுதான்.

கரிசல்காட்டான் | 9.31
இரண்டு கட்சிக்காரர்களுக்கும் சொல்கிறேன். ஒப்பாரியைத் திட்டு வார்த்தையாக எடுக்காதீர்கள். எங்கள் பக்கம் ஒப்பாரி வைக்கிற கிழவிகள் செத்தவரைப் பற்றி நாலு வரி, உயிரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மருமகளைப் பற்றி நாலு வரி பாடுவார்கள். சுற்றியிருக்கிறவர்கள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அது பத்துப் பேர் கட்டிக்கொண்டு பாடுவது. இவன் தனியாகக் காரில் உட்கார்ந்து தனக்குத் தானே பாடுகிறான். இது எப்படி ஒப்பாரியாகும்? ஒப்பாரிக்கு இது அவமானம்.

தகரக்கொட்டகை | 9.34
அப்பாடா, ஒருவராவது என் பக்கம்.

கரிசல்காட்டான் | 9.36
உங்கள் பக்கமும் இல்லை.

முதல்பிரதி | 9.48
ஸ்மித்ஸ் எல்லாம் கடைத்தெரு சரக்கு. உண்மையான சோகப் பாட்டு வேண்டுமென்றால் பிரிஸ்டலில் இருந்த சாரா ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தின் பக்கம் போக வேண்டும். 1987இல் ஆரம்பித்தார்கள். 100 வெளியீடு ஆனதும், அதற்கு மேல் வேண்டாம் என்று 1995இல் தாங்களே கடையைச் சாத்தினார்கள். ஃபீல்ட் மைஸ் என்ற குழு அங்கே இருந்தவர்கள்தான். கேட்டவர்களுக்குத் தெரியும். கேட்காதவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

ஈரச்செங்கல் | 9.53
வந்துவிட்டார். போன வருடம் ரேடியோஹெட் இழையிலும் இதே வசனம்தான். யாருக்கும் தெரியாதது மட்டும்தான் உங்களுக்குப் பிடிக்கும். நாளைக்கே அது டீக்கடையில் ஓடினால் விட்டுவிடுவீர்கள்.

முதல்பிரதி | 9.55
அந்த இழையில் நீங்கள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. நான் மறக்கவில்லை.

தகரக்கொட்டகை | 10.06
ஏழைத் தொழிலாளியின் குரல், வேலையில்லாதவனின் குரல் என்கிறீர்கள். சரி. அந்தக் குழுவில் நான்கு பேர். பாடகர் மோரிஸ்ஸிக்கும் கிட்டார் ஜானி மாருக்கும் ஆளுக்கு 40 சதவீதம். பேஸ் கிட்டார் ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்ஸ் மைக் ஜாய்ஸுக்கும் ஆளுக்கு 10 சதவீதம். ஜாய்ஸ் கோர்ட்டுக்குப் போனார். 1996இல் நாலில் ஒரு பங்கு அவருக்கு என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி மோரிஸ்ஸியை சூழ்ச்சிக்காரர், முரண்டு பிடிப்பவர், நம்ப முடியாதவர் என்கிற அர்த்தத்தில் விளாசினார். பக்கத்தில் உட்கார்ந்து சாவது பாக்கியமாம், பக்கத்தில் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தவனுக்குப் பத்து சதவீதமாம்.

ஈரச்செங்கல் | 10.15
பணத்தகராறுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? பாட்டு எழுதியது இரண்டு பேர். பஸ் பற்றிப் பதிலில்லை என்றதும் கோர்ட்டுக்குப் போய்விட்டீர்கள்.

தகரக்கொட்டகை | 10.16
பத்து சதவீதம்.

ஈரச்செங்கல் | 10.16
ஆரஞ்சு.

மழைக்கோட்டு | 10.24
மோரிஸ்ஸியை நானும் தாங்க மாட்டேன். 2019இல் அமெரிக்க டிவியில் பாட வந்தபோது ஃபார் பிரிட்டன் என்ற வலதுசாரிக் கட்சியின் பேட்ஜைக் குத்திக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அந்தக் குரல் வந்தாலே எனக்குக் கொஞ்சம் கசக்கும். ஆனாலும் ஜானி மாரின் கிட்டார் ஆரம்பித்தால் கை தானாகச் சத்தத்தைக் கூட்டுகிறது. பாடுகிறவன் புலம்புவான், கிட்டார் பாவாடை கட்டின குழந்தை மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டும் சேராத இடம்தான் எனக்குப் பிடித்தது. இதைத்தான் பக்கத்து இழையில் எழுதினேன். திரித்து எழுதியவர் இன்னும் திருத்தவில்லை.

ஈரச்செங்கல் | 10.41
கிட்டாரைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. மாரும் சும்மா இல்லை. 2010இல் பிரதமர் டேவிட் கேமரன் எனக்கு ஸ்மித்ஸ் பிடிக்கும் என்று சொல்லப் போக, பிடிக்கும் என்று சொல்வதை நிறுத்து, உனக்கு நான் தடை விதிக்கிறேன் என்று மார் ட்விட்டரில் போட்டார். எந்த ஊரில் ஐயா ஒரு கிட்டார்காரர் பிரதமருக்குப் பாட்டுக் கேட்கத் தடை போடுவார்?

இனி சொந்தக் கதை. 2007இல் மேல்படிப்புக்கு மான்செஸ்டர் போனேன். அந்த ஊரின் ரஷோம் பகுதியில் ஓர் அறை. சுவரில் ஈரம் ஏறி ஏறி வால்பேப்பர் உப்பிக்கொண்டு நிற்கும், விரலால் அழுத்தினால் உள்ளே மண் உதிரும் சத்தம் கேட்கும். நவம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டர் நனைந்து ஆட்டுக்குட்டி நாற்றம் அடிக்க, வில்ம்ஸ்லோ ரோட்டில் பஸ் ஏறி மாடியில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடி முழுக்க மூச்சுப் புகை. சட்டைக் கையால் ஒரு வட்டம் துடைத்து வெளியே பார்த்தபோது காதில் இந்தப் பாட்டு ஆரம்பித்தது. வீட்டில் இறக்கிவிடாதே, அது என் வீடில்லை, அவர்கள் வீடு என்று வருமே, அங்கே சிரித்துவிட்டேன். என் அறையும் அப்படித்தான். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி ஸ்டாப் வரை போனேன். துக்கம் இல்லை. வாடகை கட்டுகிற இடத்தை வீடு என்று சொல்லாமல் இருக்க ஒருவன் எனக்கு அனுமதி கொடுத்த மாதிரி இருந்தது.

தகரக்கொட்டகை | 10.44
நல்ல கதை. நீங்கள் ஏறின பஸ் ஆரஞ்சா?

ஈரச்செங்கல் | 10.50
அது மேஜிக் பஸ். நீலம். மாணவர்களுக்கான மலிவு பஸ். அது வேறு விஷயம்.

தகரக்கொட்டகை | 10.51
நீலமா! அப்படியென்றால் உங்கள் ஆரஞ்சு பஸ்ஸை நீங்கள் பார்த்ததே இல்லை!

ஈரச்செங்கல் | 10.57
பார்த்திருக்கிறேன். சீத்தம் பக்கம் பாயில் ஸ்ட்ரீட்டில் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே வரிசையாக நிற்கிறது. தொட்டே பார்த்தேன்.

தகரக்கொட்டகை | 10.58
மியூசியத்தில் நிற்கிற பஸ் யாரையும் மோதாது.

டிப்போ சிவம் | 11.10
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போ லண்டன். பதினொரு வருடமாக டபுள் டெக்கர் ஓட்டுகிறேன், ஓட்டாத நேரம் பழைய பஸ்களின் வரலாறு வாசிப்பேன். இரண்டு பேரும் பிழை. மான்செஸ்டர் மாநகராட்சி பஸ்கள் முன்பு சிவப்பும் கிரீமும். 1969 நவம்பரில் சுற்றியுள்ள ஊர்களின் பஸ்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்த பிறகுதான் ஆரஞ்சு வந்தது. பக்கத்து ஊர் சால்ஃபோர்டில் பச்சை. மோரிஸ்ஸி 1959இல் பிறந்தவர். பத்து வயது வரை அவர் பார்த்தது சிவப்பாக இருந்திருக்கலாம். இப்போது அங்கே பீ நெட்வொர்க் என்ற பஸ் சேவை, எல்லாம் மஞ்சள்.

ஒரு விஷயம். இந்தப் பாட்டில் பஸ் ஓட்டுகிறவனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பக்கக் கண்ணாடி உரசினாலே நாங்கள் இரவு டிப்போவில் இருந்து அறிக்கை எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், கமராவை ஓடவிட்டுக் காட்டுவார்கள். ஒரு பெடியனுக்குச் சொர்க்கம் வேண்டும் என்று என்னுடைய பஸ்ஸில் வந்து விழுவதா? மேல்தட்டில் பின் சீட்டில் ஹெட்போன் போட்டு அழுகிற பெடியன்களை நான் கமராவில் பார்க்கிறேன். கடைசி ஸ்டாப்பில் எழுப்பி இறக்கிவிடுகிறதும் நான்தான்.

தகரக்கொட்டகை | 11.13
சிவம் அண்ணே, கோடி நன்றி. சிவப்பு! நான் எட்டு நாற்பதுக்கே சொன்னேன்.

ஈரச்செங்கல் | 11.19
அண்ணை பத்து வயசு வரை என்றுதான் சொன்னார். பாட்டு வந்தது 1986 ஜூனில். அப்போது மோரிஸ்ஸிக்கு வயது 27. இருபத்தேழு வயசுக்காரன் காரில் போகும்போது எதிரில் வருவது பத்து வயசில் பார்த்த பஸ்ஸா? ஆரஞ்சு.

தகரக்கொட்டகை | 11.21
கவிஞன் மனசில் ஓடுவது பால்யத்து பஸ்தான்.

ஈரச்செங்கல் | 11.22
ஒப்பாரி என்று திட்டினவர் இப்போது அவரைக் கவிஞன் என்கிறார். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

தகரக்கொட்டகை | 11.23
கிண்டலாகச் சொன்னேன்.

ஈரச்செங்கல் | 11.23
மோரிஸ்ஸியும் அப்படித்தான் சொன்னார்.

முதல்பிரதி | 11.30
பஸ் சத்தத்துக்கு நடுவே யாராவது பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும். 1996இல் முதல் ஆல்பம் ஆயிரம் இசைத்தட்டு மட்டும் போட்டார்கள். 1999இல் பிரிட் விருதில் புதுமுகங்களுக்கான பரிசு. இணைய ஓட்டில் ஸ்டெப்ஸ் என்ற பாப் குழுவைத் தோற்கடித்தார்கள், ஸ்டெப்ஸ் தரப்பு ஓட்டில் தில்லுமுல்லு என்று குதித்தது. சத்தமே போடாத பாட்டுக்காரர்கள், அவர்கள் ரசிகர்கள் போட்ட சத்தம் அது.

மழைக்கோட்டு | 11.33
ஆயிரம் பிரதி இருந்தவரைதான் உங்களுக்கு அவர்களைப் பிடித்திருக்கும். தவிர அவர்கள் கிளாஸ்கோ. இந்த இழை மான்செஸ்டர் பற்றியது.

முதல்பிரதி | 11.34
ஸ்காட்லாந்து பிரிட்டன் இல்லையா? பூகோளமும் காதால் மட்டும் படித்தீர்களா?

மழைக்கோட்டு | 11.35
ஆக, என் வாக்கியத்தைச் சரியாக மேற்கோள் காட்டத் தெரிந்தவர் இங்கே நீங்கள் ஒருவர்தான். திட்டுவதற்காக என்றாலும்.

கரிசல்காட்டான் | 11.40
மூன்று மணி நேரமாகிறது. ஒருவரும் அந்தப் பாட்டின் ராகம் எப்படிப் போகிறது என்று சொல்லவில்லை. நான் இப்போதுதான் முதல்முறை கேட்டேன். மெட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

ஈரச்செங்கல் | 11.52
கரிசல் சாருக்கு மட்டும் நாளை தனியாகப் பட்டியல் அனுப்புகிறேன், 'ஹவ் சூன் இஸ் நவ்' முதல். 1984இல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் சும்மா ஒட்டிவிட்ட பாட்டு அது, கிட்டார் தண்ணீருக்கடியில் நடுங்குகிற மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு: மியூசியத்தில் எடுத்த படங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. காலையில் ஏற்றுகிறேன். ஆரஞ்சு தெளிவாகத் தெரியும்.

தகரக்கொட்டகை | 11.54
ஏற்றுங்கள். நான் 1969க்கு முந்தைய படங்களை ஏற்றுகிறேன். பத்து சதவீதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

டிப்போ சிவம் | 11.58
அருங்காட்சியகத்தில் எடுத்த படம் என்றால் வண்டி எண்ணையும் போடுங்கோ தம்பி. எந்த மாடல் என்று நான் சொல்கிறேன்.