இரண்டு விரற்கடை தண்ணீர், அடைத்துக்கொள்ளும் ஃபில்டர்: வழி சொல்லுங்கள்

வறண்ட மலைக்காட்டில் 4 நாள் நடந்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் மறுபடி அதே பாதை. தண்ணீர் விஷயத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வழியில் ஓடை எதுவும் ஓடவில்லை. கிடைப்பது பாறைக் குழிகளில் தேங்கியதும், காய்ந்த ஓடை மணலைத் தோண்டினால் ஊறுவதும்தான். ஆழம் இரண்டு விரற்கடை தேறினால் அதிகம். பாட்டில் வாயைச் சாய்த்தாலே அடி வண்டல் குபுக்கென்று கிளம்பி, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும்.

கையில் இருப்பது 0.1 மைக்ரான் ஃபில்டர், பையை அழுத்திப் பிழியும் வகை. முதல் நாள் ஒரு லிட்டர் 3 நிமிடத்தில் இறங்கியது. மூன்றாம் நாள் 20 நிமிடம்! பை பிளந்துவிடுமோ என்று பயந்துகொண்டே பிழிந்தேன். சிரிஞ்சால் பின்னோக்கிக் கழுவினால் பழுப்பாகக் கொட்டுகிறது, அரை லிட்டருக்குள் திரும்ப அடைப்பு.

பருத்தித் துணியை நான்காக மடித்து வடிகட்டினேன். இலையும் புழுவும் நின்றன, நுண்வண்டல் நிற்கவில்லை. இரவு முழுக்கத் தெளியவிட்டும் பார்த்தேன். மணல் அடியில் படிந்தது, களிமண் அப்படியே மிதந்தது. கலங்கல் நீரில் குளோரின் மாத்திரை சரியாக வேலை செய்யாது என்பதால் அதை மட்டும் நம்பத் துணியவில்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், சேறு போகாது, எரிவாயுவும் தீரும்.

மிச்சம் இருப்பது படிகாரம்தான், இன்னும் முயலவில்லை. இப்படிப்பட்ட களிமண் நீருக்கு லிட்டருக்கு எவ்வளவு போட்டு, எவ்வளவு நேரம் விட்டபின் ஃபில்டரில் ஊற்றுகிறீர்கள்?